பரிணாமமும் ஜெபமும்: செவிலியர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

இருபத்தாறு ஆண்டுகள் வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு செவிலியர் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய வகுப்பு முடிந்தால் போதும், யாராவது ஒரு மாணவி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் பின்னாலேயே வருவாள். மற்றவர்கள் கலையும்வரை நின்றுவிட்டு, "மேடம், ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே?" என்பாள். கேள்வி பரிணாமத்தில் தொடங்கும். இரண்டு வாக்கியத்துக்குள் கடவுளிடம் போய் நிற்கும். பழைய வார்டுத் தோழிகளும் தொலைபேசியில் இதையேதான் கேட்கிறார்கள்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் யார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். பரிணாமம் நடந்தது, இன்றும் நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பரிணாமம் என்றால் குரங்கு மனிதனாக மாறியது என்பதுதானே? அப்படியானால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?

இன்றைக்குக் கோயில் மதிலில் உட்கார்ந்திருக்கும் குரங்கு நமக்குப் பாட்டன் கிடையாது, தூரத்துப் பங்காளி. உங்கள் தாத்தாவின் அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள் ஊரில் இருப்பதால் நீங்கள் பிறக்கவில்லை என்று ஆகிவிடுமா? நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை இனம் சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது. அதிலிருந்து பிரிந்த ஒரு கிளை நாம். இன்னொரு கிளை அவை.

எந்தத் தனி உயிரும் தன் ஆயுளுக்குள் பரிணமிப்பதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒரு கூட்டத்துக்குள் பிறப்பிலேயே சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். அந்தச் சூழலுக்குப் பொருந்தியவை அதிகப் பிள்ளைகளை விட்டுச்செல்லும். பல தலைமுறை கழித்துப் பார்த்தால் கூட்டத்தின் முகமே மாறியிருக்கும். 1858-இல் லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்ட டார்வின், வாலஸ் என்ற இரு இயற்கையியலாளர்களின் எழுத்துகளும் சொன்னதன் சாரம் இதுதான்.

அது வெறும் தியரிதானே? இன்னும் நிரூபிக்கவில்லையே?

நோய்க்குக் காரணம் கிருமி என்பதும் தியரிதான். கிருமிக் கோட்பாடு என்றுதான் அதற்கும் பெயர். கோட்பாடுதானே என்று நீங்கள் கை கழுவாமல் டிரஸ்ஸிங் செய்வதில்லை. பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில், பல திசைகளிலிருந்து வந்த சான்றுகளை ஒன்றாகக் கோத்து விளக்குவதற்கும், சோதித்துப் பார்த்தும் நிற்பதற்கும் அந்தப் பெயர். புதைபடிவங்கள், உடற்கூறு, டி.என்.ஏ. என்று மூன்றும் தனித்தனியே ஒரே கிளைப்படத்தைத்தான் காட்டுகின்றன.

எங்களுக்குப் பள்ளியில் இதை ஒழுங்காக நடத்தவே இல்லை. இப்போது படித்தால் புரியுமா?

புரியும். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காமல் டிப்ளமோவுக்கு வருபவர்களும் உண்டு; அவர்களுக்கு இது முற்றிலும் புதிதாக இருக்கும். 2023-இல் தேசியப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது, 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறது என்பது சமாதானமாகச் சொல்லப்பட்டது. உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு அந்தச் சமாதானத்தால் என்ன பயன்? எனக்கு அது இன்றும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் இது எதற்கு?

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் கையில் வாங்கிய ஒரு கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்த்த அறிக்கை, இன்னும் கண்ணில் நிற்கிறது. வயிற்று அறுவைக்குப் பின் சீழ் பிடித்த ஒரு தறித் தொழிலாளியுடையது. கிருமி, கிளெப்சியெல்லா. மருந்துகளின் பெயர் மேலிருந்து கீழாக வரிசையாக இருந்தது. எதிரே ஆர், ஆர், ஆர். கேட்காது, கேட்காது, கேட்காது. கடைசி வரியில் கொலிஸ்டினுக்கு எதிரே மட்டும் ஒரே ஒரு எஸ். கேட்கும். அவர் மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நிறைய எழுதியிருக்கிறதே சிஸ்டர், நல்லதா?" என்று கேட்டார்.

அந்தக் காகிதம் பரிணாமத்தின் பதிவேடு. மருந்து கிருமிக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. கோடிக்கணக்கில் பெருகும்போது எங்கோ ஓரிரண்டு, தற்செயலான மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கும். மற்றவை செத்துவிழ, இடமும் உணவும் இவற்றுக்குக் கிடைக்கும். போதாதற்கு, அந்த மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றும். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959-இல் வந்தது. அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி 1961-லேயே பிரிட்டனில் கண்டறியப்பட்டது. நோயாளிகள் "மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது" என்பார்கள். நாமும் தலையாட்டிவிடுகிறோம். மாறியது உடம்பு இல்லை, கிருமி. இதைத் தெளிவாகச் சொல்லும் செவிலியரிடம்தான் நோயாளி பாதியில் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பார்.

காசநோய்க்கு ஏன் நான்கு மருந்து சேர்த்துத் தொடங்குகிறோம் என்பதற்கும் இதுவே விடை. அவற்றில் ஒன்றான ஐசோனியசிடுக்கு அடங்காத கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று இயல்பாகவே இருக்கும். நுரையீரலில் குழி விழுந்தவரிடம் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரே மருந்து கொடுத்தால், தப்பிப்பவற்றை நாமே பொறுக்கி எடுத்து வளர்த்ததாகிவிடும். இரண்டு மூன்று மருந்துகளையும் ஒருசேரத் தாங்கக்கூடிய கிருமி இருப்பது மிக மிக அரிது.

கிருமி மாறுவதை நம்புகிறேன். மனிதன் வந்த கதையை மட்டும் நம்ப மாட்டேன். இப்படி இருந்தால் என்ன?

மிக நல்ல செவிலியர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். முந்தைய பதிலில் சொன்னது புரிந்திருந்தால் நோயாளிக்கு உங்களால் எந்தக் குறையும் வராது. ஆனால் உண்மை எது என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை என்றுதான் சொல்வேன்.

பிறந்து ஒரு மணி நேரமான குழந்தையின் உள்ளங்கையில் உங்கள் விரலை வையுங்கள். இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. கிராஸ்ப் ரிஃப்ளெக்ஸ் என்று நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவது இதைத்தான். ஐந்தாறு மாதத்தில் மறைந்துவிடும். நடக்கவோ உண்ணவோ உதவாத இந்தப் பிடி எதற்கு? தாயின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு தொங்க வேண்டியிருந்த காலத்தின் மிச்சம் என்று கருதுகிறார்கள். குரங்குக் குட்டி இன்றும் அதைத்தான் செய்கிறது. வைட்டமின் சி-யைப் பல விலங்குகள் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. நம்மிடமும் அதற்கான மரபணு இருக்கிறது, பழுதாகி. குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் அதே மரபணு பழுதாகியே இருக்கிறது. சிம்பன்சிக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. நம் இரண்டாம் குரோமோசோம், அவற்றின் இரண்டு ஒட்டிக்கொண்டது போலவே இருக்கிறது, ஒட்டிய தழும்போடு.

பழைய சிஸ்டர்களுக்குப் பன்றி இன்சுலின் நினைவிருக்கும். அது மனித உடம்பில் ஏன் வேலை செய்தது? நம் இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியுடையது அதில் ஒன்றே ஒன்றில் வேறுபடும், மாட்டினுடையது மூன்றில். இந்த உறவு இல்லையென்றால் எத்தனையோ சர்க்கரை நோயாளிகள் பிழைத்திருக்க மாட்டார்கள்.

வேதத்தில் ஆறு நாள் என்று எழுதியிருக்கிறது. பரிணாமத்தை ஏற்றால் நான் விசுவாசத்தை மறுதலித்ததாகாதா?

இந்தக் கேள்வியோடு வருகிற பிள்ளைகளின் கண்கள் பெரும்பாலும் கலங்கியிருக்கும். வீட்டில் கேட்க முடியாது, போதகரிடம் கேட்கப் பயம். முதலில் ஒன்று: உங்களைப் போலவே கேட்டு, இரண்டையும் விடாமல் வாழ்ந்தவர்கள் நிறையப் பேர். பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் ஒரு துறவி. "பரிணாமத்தின் வெளிச்சம் இல்லாமல் உயிரியலில் எதற்கும் பொருளில்லை" என்ற கருத்தை 1973-இல் எழுதிய டோப்ஷான்ஸ்கி, கிழக்கத்திய மரபுவழிக் கிறிஸ்தவர். மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் காலின்ஸ், நாத்திகராக இருந்து கிறிஸ்துவை ஏற்றவர்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் மனித உடலின் தோற்றம் குறித்து இதை ஆராயலாம் என்றார். இரண்டாம் யோவான் பவுல் 1996-இல், இது வெறும் கருதுகோள் என்பதைத் தாண்டிவிட்டது என்றார். ஆன்மா கடவுளிடமிருந்து நேரடியாக வருகிறது என்பதை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சீர்திருத்த சபைகளில் ஒரே கருத்து கிடையாது. ஆறு நாளும் இருபத்து நான்கு மணி நேர நாள்களே என்று போதிக்கும் சபைகள் நம் ஊரில் பல உண்டு. அதை நம்பும் என் சொந்தச் சித்தியை நான் எந்த விஞ்ஞானியையும்விடக் குறைவாக மதித்ததில்லை. ஆதியாகமத்தை நான் வாசிப்பது, யார் படைத்தார் என்பதற்காக. எப்படி என்பதற்கு நுண்ணோக்கியைப் பார்க்கிறேன்.

நம் தொழிலின் மூத்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் அப்படித்தான். கடவுள் தன்னைப் பணிக்கு அழைத்தார் என்று 1837 பிப்ரவரியில் எழுதிவைத்தவர், இயற்கையின் விதிகளைத் தேடுவதே கடவுளின் எண்ணத்தை அறியும் வழி என்று கடைசிவரை நம்பினார்.

தசாவதாரத்திலேயே பரிணாமம் இருக்கிறது, மாணிக்கவாசகரும் பாடிவிட்டார். டார்வின் என்ன புதிதாகச் சொன்னார்?

மீன், ஆமை, பன்றி, பாதி மனிதர், பிறகு மனிதர் என்ற வரிசை வியப்பூட்டுவதுதான். ஆனால் அவதாரம் என்பது கடவுள் உலகத்துக்கு இறங்கி வருவது. ஒரு மீனினத்தின் வழித்தோன்றல்கள் ஆமையினம் ஆனதாக எந்தப் புராணமும் சொல்லவில்லை.

சிவபுராணத்தில் புல்லாகிப் பூடாய் என்று வரும் வரிகளை மெல்லப் படித்துப் பாருங்கள். புல், பூடு, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு. பிறகு கல், அதன்பின் மனிதர், பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர். பாம்புக்குப் பிறகு கல் எப்படி வரும்? அவர் உயிரினங்களின் வரலாற்றை எழுத வரவில்லை. எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்துப்போன ஓர் உயிர், இனிப் போதும் என்று இறைவன் காலைப் பிடிக்கிற பாட்டு அது. அதை உயிரியல் பாடமாக ஆக்கினால் உயிரியலுக்கும் நன்மை இல்லை, பாட்டின் கண்ணீரும் போய்விடும். மறுபிறவியை நம்பும் ஒருவர் பரிணாமத்தை ஏற்கத் தடை எதுவும் இல்லை. இது உடல்களின் வம்சாவளி, அது ஆன்மாவின் பயணம்.

நான் முஸ்லிம். ஆதம் நபியை அல்லாஹ் நேரடியாகப் படைத்தான் என்று நம்புகிறேன். என் நிலை என்ன?

உங்கள் மார்க்கத்துக்குள் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, தெரிந்ததைச் சொல்கிறேன். இஸ்லாமிய அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. முழுவதும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். தாவரங்களும் விலங்குகளும் பரிணாமத்தால் வந்தவையே, ஆதம் மட்டும் தனிப் படைப்பு என்பவர்கள் பலர். முழுவதும் ஏற்றுக்கொள்பவர்களும் உண்டு. கிருமி பற்றிய கேள்வியில் நான் சொன்னதோடு இவர்களில் பெரும்பாலோருக்குச் சண்டை இல்லை.

வார்டில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது வேறொரு செய்தி. பன்றி இன்சுலினால் உறுத்தல் பட்ட முஸ்லிம் நோயாளிகளும், மாட்டு இன்சுலினால் உறுத்தல் பட்ட இந்து நோயாளிகளும் இருந்தார்கள். 1982 முதல், மனித இன்சுலின் மரபணுவை நுண்ணுயிருக்குள் வைத்துத் தயாரித்த இன்சுலின் விற்பனைக்கு வந்தது. மனித மரபணுவை ஒரு பாக்டீரியா வாசித்து அப்படியே செய்துகொடுக்கிறது என்றால், எல்லா உயிருக்கும் ஒரே எழுத்துமுறை என்றுதானே பொருள்? ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இன்றும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்துதான் வருகிறது. நோயாளி கேட்டால் மறைக்காமல் சொல்லி, மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேட்டுக்கொடுங்கள்.

டார்வின் சாகும்போது மனந்திரும்பி, தன் கொள்கையைக் கைவிட்டாராமே?

இல்லை. 1882-இல் அவர் இறந்தார். லேடி ஹோப் என்பவர் சொன்ன அந்தக் கதை அச்சில் வந்தது 1915-இல். மரணப் படுக்கையருகே இருந்த டார்வினின் மகள் ஹென்ரியட்டா, அந்தப் பெண்மணி அங்கே வரவே இல்லை என்று 1922-இல் எழுதி மறுத்தார். விசுவாசத்துக்குப் பொய்க்கதையின் துணை எதற்கு? நாத்திகராகவும் அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை. கடவுளை முழுமையாக நம்பும் ஒருவர் பரிணாமத்தையும் ஏற்கலாம் என்று 1879-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

தேர்வில் இதைக் கேட்டால், நம்பாததை எழுதுவது பொய் ஆகாதா?

ஆகாது. தேர்வு உங்கள் புரிதலைக் கேட்கிறது, வாக்குமூலத்தை அன்று. "பரிணாமக் கோட்பாட்டின்படி" என்று தொடங்கி, படித்ததைச் சரியாக எழுதுங்கள்.

நீலகிரியிலிருந்து வருகிறேன். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சிக்கில் செல் நோய் இருக்கிறது. கடவுள் ஏன் இதைக் கொடுத்தார்?

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை நோய் இது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் பதிவானது. அது ஏன் அழியாமல் இருக்கிறது என்பதைப் பரிணாமம் விளக்குகிறது. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால், கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. ஆண்டனி ஆலிசன் 1954-இல் ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். இருவரிடமிருந்தும் வந்தால் நோய். பெற்றோர் இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முன்னோரை மலேரியாவிலிருந்து காத்தது எதுவோ, அதற்கு இந்தப் பிள்ளை விலை கொடுக்கிறது.

இது "எப்படி" என்பதற்கான விடை. வலியில் முனகும் பிள்ளையின் தாய் கேட்பது இதையல்ல. அவளிடம் மலேரியா விளக்கம் வேண்டாம். "கடவுள் சித்தம்", "போன ஜென்மத்துக் கர்மா" என்றும் சொல்ல வேண்டாம். நம்பிக்கையுள்ளவர்கள் வாயிலிருந்து இந்த வார்த்தைகள் எவ்வளவு சுலபமாக வந்து விழுகின்றன! பல தாய்மார்கள் தாங்கள் கர்ப்பத்தில் செய்த ஏதோ தவறுதான் காரணம் என்று உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். "இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை அம்மா" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும் தகுதியை உங்களுக்குக் கொடுப்பது அந்த மரபியல் பாடம்தான். ஏன் என்ற கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை. டார்வினின் மகள் ஆனி 1851-இல் பத்து வயதில் இறந்தாள், அவரிடமும் இருந்திருக்காது.

நோயாளிக்காக வார்டில் ஜெபிக்கலாமா? திருநீறு பூசி விடலாமா?

அவர் கேட்டால், தாராளமாக. கேட்காமல் வேண்டாம். இதை நான் கற்றுக்கொண்டது ஒருவரை வருத்திய பிறகு. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, நைட் டியூட்டி. மறுநாள் காலை அறுவை சிகிச்சைக்குப் போகவிருந்த ஒரு பெரியவர் தூங்காமல் விழித்திருந்தார். அன்பு மிகுதியில், அவர் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பூரித்துப்போய் வந்து உட்கார்ந்தேன். விடியற்காலையில் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சிஸ்டர், நான் பிழைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா?" இரவு முழுவதும் அவர் தூங்கவில்லை. சாகிறவனுக்குத்தான் ஜெபிப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

சர்வதேசச் செவிலியர் பேரவையின் நெறிமுறைகள் நோயாளியின் ஆன்மிக நம்பிக்கையை மதிக்கச் சொல்கின்றன. மதிக்க வேண்டியது அவருடைய நம்பிக்கையை. தாயத்தைக் கழற்ற வேண்டியிருந்தால் ஏன் என்று சொல்லி, அவர் கண்முன்னே காகிதத்தில் மடித்து உறவினர் கையில் கொடுங்கள். மனத்துக்குள் ஜெபிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. நான் இன்றும் ஒவ்வொரு கட்டிலையும் கடக்கும்போது அதைச் செய்கிறேன்.

எங்கள் வார்டில் ஒரு சிஸ்டருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை. டீ குடிக்கும்போது தினமும் வாக்குவாதம். என்ன செய்யலாம்?

பெரியார் பிறந்த மண்ணில் இது புதிதா? அவர் நோயாளியைப் படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறாரா என்று பாருங்கள். வைக்கிறார் என்றால் டீ நேரத்தில் வேறு ஏதாவது பேசுங்கள். அவரும் உங்கள் கழுத்துச் சிலுவையையோ நெற்றிக் குங்குமத்தையோ கேலி செய்யக் கூடாது. செய்தால் நேராகச் சொல்லுங்கள்.

தகுதியுள்ளதே பிழைக்கும் என்றால், பலவீனமானவர்களை நாம் காப்பாற்றுவது இயற்கைக்கு விரோதம் இல்லையா?

என்னிடம் வந்தவற்றில் இதுவே மிகக் கடினமான கேள்வி. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, மூளை வளர்ச்சி குன்றிய ஒரு குழந்தைக்கு மூக்குக் குழாய் வழியே பால் கொடுத்துவிட்டு வந்து கேட்டாள். தகுதியுள்ளது பிழைக்கும் என்ற சொற்றொடர் ஹெர்பர்ட் ஸ்பென்சருடையது, 1864-இல் எழுதினார். டார்வின் அதைப் பின்னாளில்தான் எடுத்துக்கொண்டார். தகுதி என்பது அங்கே வலிமையைக் குறிப்பதில்லை. அந்தச் சூழலில் சந்ததியை விட்டுச்செல்வதை மட்டுமே குறிக்கிறது. முதல் பதிலில் சொன்னபடி, நடப்பது இது என்று பரிணாமம் விவரிக்கிறது. இப்படி நட என்று அது யாருக்கும் கட்டளையிடுவதில்லை. புவியீர்ப்பு இருக்கிறது என்பதற்காகக் கட்டிலிலிருந்து விழும் நோயாளியைப் பிடிக்காமல் விடுகிறோமா? டார்வினே 1871-இல், ஆதரவற்றவர்களுக்கு உதவும் இரக்கம் நம் இயல்பின் மிக உயர்ந்த பகுதி, அதை அடக்கினால் நாம் சிதைந்துபோவோம் என்ற பொருளில் எழுதினார்.

இதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், அவர்களில் நம் தொழிலைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை நான் எந்த வகுப்பிலும் மறைப்பதில்லை. நாஜி ஜெர்மனியில் 1940-இலும் 1941-இலும் மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் 70,000 பேருக்கு மேல் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் மருத்துவமனைகளில் மருந்து கொடுத்தும் பட்டினி போட்டும் கொலை தொடர்ந்தது. மருந்தைக் கலக்கிக் கொடுத்த கைகளில் செவிலியர் கைகளும் உண்டு. அந்தக் கொலைகளுக்காக 1965-இல் மியூனிக்கில் 14 செவிலியர்கள் விசாரிக்கப்பட்டு விடுதலையானார்கள்.

அந்த மாணவிக்கு நான் ஷானிடார் குகையைப் பற்றிச் சொன்னேன். ஈராக்கின் வடக்கே உள்ள அந்தக் குகையில் 1957-இல், அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலைச் சேர்ந்த ஒருவனின் எலும்புக்கூடு கிடைத்தது. இளமையிலேயே முகத்தில் பலத்த அடி. ஒரு கண்ணில் பார்வை போயிருக்க வேண்டும். வலது கை சூம்பி, முன்கை இல்லாமல் போயிருக்கிறது. கால் ஊனம். காதும் கேட்டிருக்காது. வேட்டையாடிப் பிழைக்க வேண்டிய காலம் அது. ஆனாலும் காயங்கள் ஆறி, நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறான். யாரோ உணவு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் இடம் மாறும்போது விட்டுப்போகாமல் கூட்டிச் சென்றிருக்கிறார்கள். அது நடந்து நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டு, "அடுத்த ஃபீடிங் நேரம் மேடம்" என்று சொல்லி வார்டுக்குள் போனாள்.